ஜில்லாவுக்கு ஜில்லா மகசூல் மாறுவதும் சங்கக் கடனும்

(ராமநாதபுரம் ஜில்லாவில் கூட்டுறவுச் சங்கப் பஞ்சாயத்தார்களுக்காக நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடன் மனு, ஜாமீன், தவணை, பாக்கி வசூல் ஆகியவற்றைப் பற்றி இன்று காலை முதல் கேட்டுக் களைத்திருப்பீர்கள். எனக்கு ஏற்பட்ட விஷயம் சற்று வேறானது. ஒரே ராஜ்யத்தில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரே நெல்லைப் பயிர் செய்கிற குடியானவர்களில் ஒரு ஜில்லாக்காரருக்கு நிறைந்த மகசூலும் மற்றொரு ஜில்லாக்காரருக்குக் குறைந்த மகசூலும் கிடைப்பது எதனால்? அந்த வித்தியாசத்தைச் சர்க்கார் திட்டங்களும் நம் சங்கங்கள் கடன் கொடுக்கும் முறையும் குறைக்கின்றனவா, அல்லது பெருக்குகின்றனவா? இவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி இலாகாவில் சேர்ந்தவன். எனினும் தஞ்சாவூர், கோயமுத்தூர், ராமநாதபுரம் ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் சங்கப் பேரேடுகளைப் புரட்டிப் பார்க்கும்படியாக உத்தியோகம் என்னைக் கொண்டுபோயிற்று. அந்தப் பேரேடுகளே எனக்குப் பள்ளிக்கூடம்.

நம் ஜில்லாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அது வானம் பார்த்த பூமி, மழையில்லை, ஆகையால் மகசூலில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். வெளியூரார் மட்டுமல்லர், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மழைக் கணக்கு என்ன சொல்கிறது? ராமநாதபுரம் ஜில்லாவில் சராசரி வருஷத்தில் சுமார் 800 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 32 அங்குலம் மழை பெய்கிறது. கோயமுத்தூர்ச் சமவெளியில் பெய்வது சுமார் 650 மில்லிமீட்டர். 26 அங்குலத்துக்கு மேற்படாது. நம்மைக் காட்டிலும் குறைந்த மழை பெறும் அந்தச் சீமையார் பருத்தி, மஞ்சள், வாழை, தென்னை என்று பயிர் செய்து, மில்களும் பட்டறைகளும் கண்டிருக்க, நாம் மழையின்மீது பழி போடுவது முழு நியாயமாகாது. மழை எவ்வளவு பெய்தது என்பதைக் காட்டிலும், பெய்த மழையைப் பிடித்து வைக்க யார் பொறுப்பேற்றார், அதற்கு அவருக்குப் பணம் யார் கொடுத்தார் என்பதே பெரிய விஷயம்.

கோயமுத்தூர்ச் சீமையில் அந்தப் பொறுப்பை ஏற்றது கிணறு. பாறையை வெடி வைத்துப் பிளந்து, கவலை கட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்து அங்கே தோட்டக்கால் பயிர் வளர்த்தார்கள். ரயத்துவாரி முறையில் நிலம் பட்டாதாரர் பேரில் இருந்தமையால், வெட்டிய கிணறு தம் பிள்ளைகளுக்கே சேரும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. 1883-ம் வருஷத்து நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்கீழ்ச் சர்க்காரிடம் தக்காவிக் கடன் வாங்கிக் கிணறு வெட்டவும் வழியிருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து, கிணற்றுப் பாய்ச்சலில் நன்றாய் விளைந்தது. 1932-33-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்களும் பெருகின, கிணற்று மேட்டில் மோட்டாரும் ஏறியது. 1955-ல் முடிந்த கீழ்பவானி அணை அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில் சுமார் 2 லட்சம் ஏக்கருக்கு நீர் தந்தது. இவ்வாறு ஒன்றன் மேல் ஒன்றாக வந்தவையே அந்தச் செழிப்பு. அதைக் கண்டு நாம் பொறாமைப்படவும் வேண்டியதில்லை; 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசமான பின் அங்கே நிலத்தடி நீர் மட்டம் இறங்கி, ஆயிரம் அடி துளைத்தும் ஈரம் காணாத குழாய்க் கிணறுகள் உண்டு. கிணற்றுக் கடனை வாங்கிப் பாறைத் தூளைக் கண்டவர்களின் பேரேட்டுப் பக்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"அப்படியானால் நமக்கும் கிணற்றுக் கடன் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றில் நல்ல நீர் ஊறும் கிராமங்களில் கேட்பது நியாயமே. ஆனால் நம் ஜில்லாவில் கடலையொட்டிய பல ஊர்களில் தோண்டினால் உப்பு நீர் வருவதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஒரு சீமைக்கு ஏற்ற திட்டத்தை மற்றொரு சீமையில் அப்படியே கொண்டுவந்து இறக்குவதால் வரும் நஷ்டத்துக்கு அதுவே போதுமான அத்தாட்சி. நமக்குக் கிணறு கண்மாய்தான்.

நிற்க. கண்மாய்களின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் போகும்படியாக முன்னோர்கள் சங்கிலிபோல் கட்டி வைத்த ஏற்பாடு நம்முடையது. சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் அதற்குக் கீழே உள்ள ஊர்கள் யாவும் வறளும். இந்த ஏற்பாட்டைக் காக்க வேண்டியவர் யார் என்பதில்தான் நமக்கும் ரயத்துவாரிச் சீமைக்கும் வித்தியாசம் ஏற்பட்டது. 1802-ம் வருஷத்து நிரந்தர நிர்ணய ரெகுலேஷனுக்குப் பின் ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக நிலைத்தன. கிஸ்தி வாங்குகிறவர் ஜமீன்தார். கண்மாயை மராமத்துச் செய்ய வேண்டியவரும் அவரே. குடிகளோ, "வாரம் வாங்குகிறவர் வெட்டட்டும்" என்றார்கள். ஜமீன் காரியஸ்தர்களோ, "பாய்ச்சுகிறவர்கள் வெட்டட்டும்" என்றார்கள். 1858-ல் குடிமராமத்துக்கென்று ஒரு சட்டமே செய்து பார்த்தும் வண்டல் படிவது நிற்கவில்லை. 1908-ம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு அனுபவ பாத்தியதையைத் தந்தது. 1948-ம் வருஷத்துச் சட்டம் ஜமீனையே ஒழித்தது. ஜமீன் ஒழிந்ததும், மண் மேவிய கண்மாய்கள் ஆயிரக்கணக்கில் சர்க்காருக்குச் சொத்தாக வந்து சேர்ந்தன. 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ளவை மராமத்து இலாகாவுக்கும், அதற்குட்பட்டவை பஞ்சாயத்து யூனியனுக்கும் என்று பிரிந்தன. சங்கிலியின் ஒரு வளையம் ஓர் ஆபீசிலும் அடுத்த வளையம் வேறோர் ஆபீசிலும் போய்ச் சேர்ந்தது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் என்ற இரு பொருளாதார ஆசிரியர்கள் இந்தியா முழுவதிலும் ஜில்லாவாரியாகக் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில்கூட, ஜமீன் முறை இல்லாதிருந்த ஜில்லாக்களில் மொத்த மகசூல் சுமார் 16 சதவிகிதமும், கோதுமை மகசூல் சுமார் 23 சதவிகிதமும் அதிகமாக இருந்ததாகக் கண்டார்கள். சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். 150 வருஷம் வெட்டாமல் விட்ட கண்மாய் சட்டத்தைக் கேட்டு ஆழமாகிவிடாது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே சர்க்கார் மறுபடியும் வேலை தொடங்கியது. நல்ல காரியமே. ஆனால் கரையை உயர்த்திவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால் கண்மாய் அழகாய் இருக்குமே தவிர, நிறையாது.

தஞ்சாவூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பெருமை எல்லோரும் அறிந்தது. கல்லணை பழையது, கொள்ளிடத்து மேலணையை ஆர்தர் காட்டன் துரை 1836-ல் கட்டினார், 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, புதிதாகச் சுமார் 3 லட்சம் ஏக்கர் பாசனம் பெற்றது. நீர் உறுதியாயிருந்தமையால் திட்டங்களும் அதைத் தேடிச் சென்றன. 1960-61-ல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டம் தொடங்கியபோது இந்தியா முழுவதிலும் முதலில் எடுத்துக்கொண்ட 7 ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், பயிர் வைத்தியம், கிடங்கு யாவும் ஒன்றாகச் சேர்ந்து அங்கே போயின. ஆடுதுறைப் பண்ணையின் புது நெல் ரகங்களும் அந்த வேகத்தில் பரவின. அதை நான் குறை கூறவில்லை. கப்பலில் வரும் அந்நிய தானியத்தை எதிர்பார்த்திருந்த தேசம், உடனே நெல் விளையும் இடத்தில் பணத்தைப் போட்டது. ஆனால் உறுதியான இடத்தில் போட்ட பணம் அந்த இடத்தை மேலும் உறுதியாக்கிற்று. மற்ற இடம் நின்ற இடத்திலேயே நின்றது. தஞ்சாவூருக்குள்ளேயும் எல்லோருக்கும் அது சேரவில்லை. நிலத்தை ஈடு காட்டியவருக்குத்தான் கடன் என்ற காலத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் சங்கத்தின் வாசலோடு நின்றார்கள். 1952-ல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1956-ல் நியாய வாரச் சட்டமும் வந்தன. எனினும் விளைச்சல் பெருகிய அந்தச் சீமையிலேதான், கூலித் தகராறு முற்றி, 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீயில் மாண்டன. மகசூல் அட்டவணையில் அந்த ஜில்லாவின் பெயர் மேலே இருந்தது.

நம் ஜில்லாவுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. 1973-74-ல் வறட்சிப் பிரதேசத் திட்டம் தொடங்கியபோது ராமநாதபுரம் சேர்க்கப்பட்டது. 2018-ல் மத்திய சர்க்கார் முன்னேற்றத்தை நாடும் ஜில்லாக்கள் என்று தேர்ந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம் பெற்றன. வருகிற திட்டங்களை நாம் வரவேற்போம். ஆனால் இவற்றையெல்லாம் விட அமைதியாக, வருஷந்தோறும், ஒருவரும் கவனியாமல் ஜில்லாவுக்கும் ஜில்லாவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்குகிற ஒரு காரியம் நம் சங்கத்துப் பேரேட்டுக்குள்ளேயே நடக்கிறது. நான் பேச வந்தது முக்கியமாக அதைப் பற்றியே.

சங்கம் எதற்காகத் தோன்றியது? கோயமுத்தூர் ஜில்லாவின் விவரப் புத்தகத்தை 1887-ல் எழுதிய பிரெடரிக் நிக்கல்ஸன் துரை, 1895-லும் 1897-லும் இரு பாகமாக ஓர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரெய்பைசன் என்பவர் நடத்திய கிராம நாணயச் சங்கங்கள் போன்றவை நம் கிராமங்களுக்கு வேண்டும் என்றார். 1904-ல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1951-52-ல் இந்தியா முழுவதும் கணக்கெடுத்தபோது, குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 சதவிகிதத்துக்குச் சற்று மேல்தான் என்று தெரிந்தது. மீதத்தில் பெரும் பங்கு வட்டிக்காரரிடமிருந்து வந்தது. அதன் பிறகே நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பதை விட்டுப் பயிரைப் பார்த்துக் கடன் கொடுக்கும் முறை பரவிற்று. நல்ல சீர்திருத்தம்தான். அதற்குள்ளும் ஒரு முள் இருக்கிறது.

இன்ன பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு குழு வருஷந்தோறும் அளவு நிர்ணயிக்கிறது. அந்த ஊரில் சாகுபடிச் செலவு எவ்வளவு ஆகிறது என்பதே அதற்கு ஆதாரம். பணமுள்ள சீமையில் குடியானவர் நிறையச் செலவிடுகிறார், அளவு உயர்கிறது. நம் சீமையில் கையில் பணமில்லாமையால் உரத்தைக் குறைத்து, களையை விட்டு, செலவைச் சுருக்குகிறார். அந்தச் சுருங்கிய செலவையே கணக்கெடுத்து, "இவ்வூரில் இவ்வளவே செலவு" என்று எழுதினால் கடன் அளவும் சுருங்குகிறது. சுருங்கிய கடனால் சுருங்கிய சாகுபடி. அதனால் சுருங்கிய மகசூல். உண்மையில் நம் பூமிக்குச் செலவு குறைவா? நாற்றுப் பாவி நடுவதைவிடப் புழுதியில் விதைப்பதற்கு விதை அதிகம். நெல்லோடு களையும் கூடவே முளைப்பதால் களைக் கூலியும் அதிகம். இதைக் குழுவுக்கு முன்னால் யார் சொல்வது? பஞ்சாயத்தார்களாகிய நீங்கள் செலவு விவரத்தை எழுதிக் கொடுத்தாலன்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு காலம். மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி நீர் திறப்பதை எதிர்பார்த்துத் தஞ்சாவூரார் குறுவைக்குக் கணக்குப் போடலாம். நாமோ ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்கு மழைக்கு வானத்தைப் பார்க்கிறோம். விதைக்கு முன் வராத பணம் நமக்கு உதவாது. ஒரு சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் வயதான அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, ஆவணியில் விதைக்கிறவனுக்கு ஐப்பசியில் பணம் தருகிறீர்கள். அதைப் பயிரிடமா கொடுப்பேன்? மண்டிக்காரரிடம்தானே கொடுப்பேன்?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதற்கு முன்பே வற்றலை இன்னாரிடமே போடுவது என்ற பேச்சின்பேரில் கமிஷன் மண்டியில் பணம் வாங்கிவிட்டார். நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விதைக்கும்போதே பேசி முடிந்துவிட்ட வற்றலுக்கு எந்தப் பெயர் இருந்தென்ன?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். தவணை வந்ததும், மழை பொய்த்து ஒன்றும் விளையாத வருஷத்தில்கூட, நம் சங்கங்களில் வசூல் பூர்த்தியாகக் காட்டப்படுகிறது. எப்படி? அங்கத்தினர் 3 நாளைக்கு வெளியே கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டுகிறார். சங்கம் அதையே புதுக் கடனாகத் திருப்பிக் கொடுக்கிறது. அவர் வெளியாருக்கு 3 நாள் வட்டியோடு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போகிறார். சில இடங்களில் ரொக்கம்கூட நகர்வதில்லை. பேனா மட்டும் நகர்கிறது. காரியதரிசிக்கு நல்ல பெயர், சங்கத்துக்குப் பாக்கியில்லை, மேலதிகாரிகளுக்கும் திருப்தி. ஆனால் அந்த வருஷம் பயிர் சாவியாய்ப் போயிற்று என்ற உண்மை பேரேட்டில் எங்கும் எழுதப்படாமலே போயிற்று. புதுக் கடன் என்று எழுதிய பணத்தில் ஒரு காசும் புது விதைப்புக்குப் போகவில்லை. பட்டணத்தில் உட்கார்ந்து நம் கணக்கைப் பார்க்கிறவர், "ராமநாதபுரத்தில் கடன் ஒழுங்காகப் போகிறது, ஒழுங்காக வருகிறது, மகசூல்தான் வரவில்லை, குடியானவர்களிடம்தான் குறை" என்று முடிவு கட்டினால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இது அவசியமுமில்லை. பயிர் பொய்த்தால் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவதற்கென்றே 1956-ல் ரிசர்வ் பாங்கி ஒரு நிலைநிறுத்த நிதியை ஏற்படுத்தியது. பயிர் நஷ்டம் 50 சதவிகிதம் இருந்தால்தான் சலுகை என்றிருந்ததை 2015-ல் 33 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அவ்வாறு மாற்றினால் அங்கத்தினர் பாக்கிதாரராகார்; புதுப் பயிருக்கு உண்மையான ரொக்கக் கடனும் பெறலாம். இந்த ஏற்பாடு நம்மைப் போன்ற சீமைக்காகவே ஏற்பட்டது என்று சொல்லலாம். ஆனால் நஷ்டத்தை மறைத்தவருக்கு அது கிடைக்காது. காகிதத்தில் கட்டிய கடனை மாற்றித் தரும்படி எந்தப் பாங்கியைக் கேட்பது?

கடன் தள்ளுபடி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் குடியானவர்களின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியாக அறிவிக்கப்பட்டது. பெற்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் தள்ளுபடி என்பது பேரேட்டில் பெயருள்ளவருக்கு, பெயருக்கு நேரே எழுதிய தொகையளவுக்கு வருவது. ஏக்கருக்கு அதிகக் கடன் பெற்ற சீமைக்கு அதிகம். குறைவாகப் பெற்ற சீமைக்குக் குறைவு. மண்டியில் வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. பயிர் இன்ஷூரன்ஸிலும் இதே கோணல் உண்டு. 2018-ல் திருத்திய விதிப்படி, சென்ற 7 வருஷங்களில் சிறந்த 5 வருஷங்களின் சராசரியே உத்தரவாத மகசூலுக்கு ஆதாரமாயிற்று. 7-ல் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பொய்க்கும் ஊருக்கு அந்தக் கெட்ட வருஷங்கள் கழிந்துவிடும். 7-ல் 3 வருஷம் பொய்க்கும் ஊருக்கோ, சிறந்த 5 என்று எடுத்தாலும் அதற்குள் ஒரு சாவி வருஷம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரி சரியும், நஷ்ட ஈடும் சரியும். யாரும் வேண்டுமென்று நமக்குத் தீங்கு செய்யவில்லை. எல்லா ஜில்லாவுக்கும் ஒரே விதி என்பது பார்வைக்குச் சமத்துவமாய்த் தோன்றுகிறது, அவ்வளவே.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தரிசாய்ப் போட்ட நிலத்தில் சீமைக்கருவேல் வளர்த்துக் கரி மூட்டம் போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சில அதிகாரிகள் ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். மழை பொய்த்தாலும் பொய்க்காத வருமானம் அது ஒன்றுதான் என்று கணக்குப் பார்த்தே அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். அவர்களை மறுபடியும் ஏருக்குத் திருப்ப வேண்டுமானால் ஏச்சால் ஆகாது. விதைக்கு முன் பணமும், பொய்த்த வருஷத்தில் தவணை நீட்டிப்பும் உறுதியாகக் கிடைக்கும் என்று காட்டவேண்டும்.

ஆகையால் உங்களை நான் கேட்பது இவ்வளவே. வருகிற ஆனி மாதத்துக்குள் ஒவ்வொரு சங்கமும் கூடி, புழுதி விதைப்பு நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஏக்கருக்கு மெய்யாக என்ன செலவாகும் என்பதை, உழவு, விதை, களை, உரம், கூலி என்று தனித்தனியே எழுதித் தீர்மானமாக அனுப்புங்கள். கடன் மனுக்களை ஆடிக்குள் மத்திய பாங்கிக்குச் சேர்த்துவிடுங்கள். ஆவணி பிறந்த பின் மனு எழுத உட்காராதீர்கள். சங்க எல்லைக்குள் உள்ள கண்மாய், அதன் வரத்துக்கால், மடை, கலுங்கு, அது எந்த ஆபீசுக்கு உட்பட்டது, கடைசியாக எப்போது நிறைந்தது ஆகிய விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து வையுங்கள். கடன் கொடுக்கும்போது அந்தப் புத்தகத்தையும் பாருங்கள். பயிர் பொய்த்தால், பொய்த்தது என்றே தீர்மானம் எழுதி, கிராம நிர்வாக அதிகாரியின் சாகுபடிக் கணக்கின் நகலோடு உடனே மேலே அனுப்புங்கள். வசூல் சதவிகிதம் குறைந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

செலவு விவரம் எழுதுவதற்கு ஒரு பாரம் தயாரித்துப் பிரதிகள் எடுத்து வந்திருக்கிறேன். அக்கிராசனரின் மேஜைமேல் இருக்கிறது. சங்கத்துக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொள்ளலாம். மிளகாய்க்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று காலையில் சிலர் சொன்னார்கள். அதை இப்போதே பேசித் தீர்த்துவிடுவோம்.